ரோபோவுக்கு பவர் சப்ளை வாங்குகிறீர்களா? 'எத்தனை ஆம்பியர்?' என்ற கேள்விக்கு முன் போட வேண்டிய கணக்கு

செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைத்தெருவுக்குப் போய் '24 வோல்ட் பவர் சப்ளை' என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த நொடி வரும் கேள்வி: "கித்தே ஆம்ப் ஹோனா பாய்?" எத்தனை ஆம்பியர் வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

அவர் கேட்பது நியாயமான கேள்வி. பதிலில்தான் பலர் சறுக்குகிறார்கள். மோட்டார் டேட்டாஷீட்டில் 20 ஆம்பியர் என்று இருக்கிறது, ரெண்டு மோட்டார், அப்போ 40 ஆம்பியர் என்று கூட்டிவிட்டு, 1,000 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரோபோவும் ஓடும். ஆனால், முதல்முறை வேகமாகப் போய் சடன் பிரேக் போட்டதும் பவர் சப்ளை அணைந்துவிடும். இல்லையென்றால் மோட்டார் டிரைவரில் இருந்து புகை வரும்.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்கியும் ஏன் இப்படி ஆகிறது? ஏனென்றால், அதிக டார்க் தரும் பிரஷ்லெஸ் மோட்டாருக்கு பவர் சப்ளை தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வேகமும் டார்க்கும் ஒன்றாகத் தேவைப்படும் நொடியில் எவ்வளவு வாட் வேண்டும்? பிரேக் பிடிக்கும் நொடியில் திரும்பி வரும் மின்சாரம் எங்கே போகும்? முதல் கேள்வி உங்கள் பணத்தைக் காப்பாற்றும். இரண்டாவது, உங்கள் ரோபோவை.

ஹைதராபாத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை. ராயதுர்கத்தில் தெலங்கானா அரசின் டி-வொர்க்ஸ் முன்மாதிரி உருவாக்க மையம் 2023 மார்ச் 2 அன்று திறக்கப்பட்டது. கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி.யில் ரோபோட்டிக்ஸுக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. சாஃப்ட்வேர் வேலையில் இருந்துகொண்டு வார இறுதியில் ரோபோ கட்டுகிறவர்களும் உண்டு. கோடு எழுதத் தெரிந்த அளவுக்கு வயர், வோல்ட் பற்றித் தெரியாது என்பவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

வோல்ட் வேகத்துக்கு, ஆம்பியர் டார்க்குக்கு

பிரஷ்லெஸ் மோட்டார் டேட்டாஷீட்டில் முதலில் பார்க்க வேண்டிய எண், கே.வி. இது கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட் கொடுத்தால், லோடு இல்லாமல் மோட்டார் எத்தனை ஆர்.பி.எம். சுற்றும் என்பதுதான் கே.வி.

ட்ரோன் மோட்டார்களின் கே.வி. பல நூறில் இருந்து ஆயிரங்கள் வரை போகும். சுற்றிச் சுற்றி ஓடும், இழுவை குறைவு. ரோபோ சக்கரத்துக்கோ மூட்டுக்கோ போடும் மோட்டாரில் கே.வி. குறைவாக இருக்கும். பழைய ஹோவர்போர்டில் இருந்து கழற்றி விற்கப்படும் 6.5 இன்ச் ஹப் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கே.வி. சுமார் 16. அதாவது 24 வோல்ட்டில் சுமார் 384 ஆர்.பி.எம்.

கே.வி. குறைந்தால், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் கூடும். இதற்கு எளிய சூத்திரம் உண்டு. இப்போது பரவலாக இருக்கும் எஃப்.ஓ.சி. வகை டிரைவர்களில், 8.27-ஐ கே.வி.யால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது வந்துவிடும். ஹப் மோட்டாருக்கு 8.27 ÷ 16 = சுமார் 0.52. எனவே 20 ஆம்பியர் கொடுத்தால் சுமார் 10 நியூட்டன் மீட்டர். கியர் எதுவும் இல்லாமலே இது கிடைக்கும்.

ஆக, எவ்வளவு வேகம் வேண்டும் என்பது வோல்ட்டை முடிவு செய்கிறது. எவ்வளவு இழுவை வேண்டும் என்பது மோட்டாருக்குள் ஓடும் ஆம்பியரை முடிவு செய்கிறது. 'மோட்டாருக்குள் ஓடும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

மோட்டாரில் 20 ஆம்பியர் என்றால் பவர் சப்ளையிலும் 20 ஆம்பியரா?

இல்லை. பெரும்பாலான தவறான பில் இங்கேதான் தொடங்குகிறது.

மோட்டார் டிரைவர் ஒரு வகையில் வீட்டு மிக்ஸிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் மாதிரி இல்லை. அது வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தரும் ஒரு கன்வெர்ட்டர். உள்ளே போகும் வாட்டும், வெளியே வரும் வாட்டும்தான் (இழப்பு போக) சமமாக இருக்கும். ஆம்பியர் சமமாக இருக்க வேண்டியதில்லை.

ஓர் உதாரணம். இரண்டு ஹப் மோட்டார் கொண்ட ரோபோ ஒரு வாசற்படியில் முட்டி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றவில்லை. டிரைவர் ஒவ்வொரு மோட்டாருக்கும் 20 ஆம்பியர் கொடுத்துத் தள்ளப் பார்க்கிறது. சக்கரம் சுற்றாததால் இயந்திர வேலை பூஜ்யம். மின்சாரம் முழுக்க மோட்டார் சுருளைச் சூடாக்கவே செலவாகிறது. சுருளின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஃபேஸுக்கு 0.18 ஓம் என்று வைத்துக்கொண்டால், 1.5 × 20 × 20 × 0.18 = 108 வாட். இரண்டு மோட்டாருக்கும் 216 வாட். இதை 24 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியர்.

மோட்டார்களில் மொத்தம் 40 ஆம்பியர். பேட்டரியில் இருந்து வருவது வெறும் 9 ஆம்பியர். டிரைவரில் ஆகும் சிறு இழப்பைச் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டாது. 40-ஐ 24-ஆல் பெருக்கி 960 வாட் என்று நினைத்தவர், நான்கு மடங்குக்கு மேல் வாங்கியிருப்பார்.

அதிக டார்க் என்றாலே அதிக வாட் என்று அர்த்தம் இல்லை. டார்க்கும் வேகமும் சேரும்போதுதான் வாட் ஏறும்.

50 கிலோ ரோபோ: ஒரு முழுக் கணக்கு

ஒரு அலுவலகத்திலோ கிடங்கிலோ பொருள் சுமக்கும் ரோபோ என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு சேர்த்து 50 கிலோ. அதிகபட்ச வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், வேகமாக நடக்கும் மனிதர் அளவு. வீல்சேருக்காகக் கட்டும் 1:12 சாய்வு ரேம்ப்பில் ஏற வேண்டும். சக்கர விட்டம் 16.5 சென்டிமீட்டர்.

தேவைப்படும் விசை:

• ரேம்ப்பில் ஏற: சுமார் 41 நியூட்டன்
• தரை உராய்வைத் தாண்ட: சுமார் 10 நியூட்டன்
• நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூட்ட: 50 நியூட்டன்
• மொத்தம்: சுமார் 100 நியூட்டன்

சக்கரத்தின் ஆரம் 0.0825 மீட்டர். எனவே மொத்த டார்க் 8.25 நியூட்டன் மீட்டர். ஒரு மோட்டாருக்கு 4.1. அதாவது ஒரு மோட்டாரில் சுமார் 8 ஆம்பியர்.

இப்போது வாட்:

• இயந்திர வேலை: 100 நியூட்டன் × 1.5 மீட்டர் = 150 வாட்
• இரண்டு மோட்டார் சுருளிலும் சூடாகப் போவது: சுமார் 35 வாட்
• டிரைவர் இழப்பு: சுமார் 15 வாட்
• கம்ப்யூட்டர், கேமரா, சென்சார்: 40 வாட் என்று வைப்போம்
• உச்சத் தேவை: சுமார் 240 வாட், 24 வோல்ட்டில் 10 ஆம்பியர்

அதே ரோபோ சமதரையில் சீராக ஓடும்போது? தரை உராய்வு மட்டும்தான். 15 வாட் இயந்திர வேலை, 40 வாட் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் இழப்பு. 60 வாட்டில் முடிந்துவிடும். உச்சத்துக்கும் சராசரிக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குச் சராசரியைப் பாருங்கள். வயர், ஃபியூஸ், பவர் சப்ளை தாங்குமா என்பதற்கு உச்சத்தைப் பாருங்கள். இரண்டையும் குழப்பினால் ஒன்று பணம் போகும், அல்லது ரேம்ப்பில் பாதியில் நிற்கும்.

வோல்ட்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் சக்கரம் சுமார் 174 ஆர்.பி.எம். சுற்றும். அப்போது மோட்டாரே ஜெனரேட்டர் போல 174 ÷ 16 = சுமார் 10.9 வோல்ட்டை எதிர்த்திசையில் உருவாக்கும். இதை பேக் இ.எம்.எஃப். என்பார்கள். பவர் சப்ளை இதைத் தாண்டினால்தான் மோட்டாருக்குள் ஆம்பியரைத் தள்ள முடியும்.

செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரில் மலிவாகக் கிடைக்கும் பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. அதன் பெரிய அவுட்புட் 12 வோல்ட். 10.9 போக மிச்சம் 1.1 வோல்ட். வேகம் ஏறும்போது ரோபோவுக்கு இழுவையே இருக்காது. 24 வோல்ட்டில் 13 வோல்ட் மிச்சம். அதுதான் வித்தியாசம்.

பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறது?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிரஷ்லெஸ் மோட்டாரை டிரைவர் வேகம் குறைக்கும்போது, மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. ஓட்டத்தில் இருந்த ஆற்றல் மின்சாரமாகி டிரைவர் வழியாகப் பின்னோக்கி வருகிறது. மின்சார ஸ்கூட்டரில் 'ரீஜென்' என்று விளம்பரம் செய்வது இதைத்தான். ஸ்கூட்டரில் பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும். எஸ்.எம்.பி.எஸ். வாங்கிக்கொள்ளாது. சுவர் பிளக்கில் இருந்து எடுத்துக் கொடுக்கத்தான் அதற்குத் தெரியும். திருப்பி அனுப்ப வழி இல்லை.

எவ்வளவு வருகிறது? நம் 50 கிலோ ரோபோ 1.5 மீட்டர் வேகத்தில் இருந்து நிற்கும்போது, அரை × 50 × 1.5 × 1.5 = 56 ஜூல். ஒரு எல்.இ.டி. பல்பை ஆறேழு நொடி எரிய வைக்கும் அளவுதான். கேட்க அற்பமாக இருக்கிறதா? இதைத் தாங்கும் இடத்தைப் பாருங்கள்.

டிரைவரில் இருக்கும் கெப்பாசிட்டர் 1,000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டில் இருந்து 30 வோல்ட் வரை ஏற அதற்குத் தேவை வெறும் 0.16 ஜூல். வருவது 56 ஜூல். பாதி உராய்விலும் சுருள் சூட்டிலும் போய்விட்டாலும், மிச்சம் இருப்பது கெப்பாசிட்டர் தாங்குவதைவிட 170 மடங்குக்கு மேல். சில மில்லி நொடிகளில் வோல்ட் எகிறும்.

அப்போது நடப்பது இரண்டில் ஒன்று. பவர் சப்ளையின் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு அதை அணைத்துவிடும். அல்லது டிரைவரின் மாஸ்ஃபெட் தாங்கும் எல்லையைத் தாண்டி எரிந்துவிடும். இங்கே 1,000 வாட் வாங்கியிருந்தாலும் 2,000 வாட் வாங்கியிருந்தாலும் பலன் ஒன்றுதான். பிரச்சினை கொடுப்பதில் இல்லை, வாங்கிக்கொள்வதில்.

ரேம்ப்பில் இறங்கும்போது இன்னும் மோசம். அரை மீட்டர் உயரத்தில் இருந்து 50 கிலோ இறங்கினால் 245 ஜூல். ரோபோ கை ஒன்று 5 கிலோ எடையை அரை மீட்டர் இறக்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 25 ஜூல். அது நாள் முழுக்க ஏற்றி இறக்கினால்? ஓடாத ரோபோவுக்கும் இந்தக் கணக்கு உண்டு.

சரி, தீர்வு என்ன?

பிரேக் ரெசிஸ்டர். வோல்ட் ஒரு எல்லையைத் தாண்டியதும், டிரைவரே அந்த ரெசிஸ்டரை இணைத்து, வரும் மின்சாரத்தைச் சூடாக எரித்துவிடும். பல நல்ல டிரைவர்களில் இதற்கென்றே தனி டெர்மினல் இருக்கும். இல்லாதவற்றுக்கு 'பிரேக் சாப்பர்' அல்லது 'ஷன்ட் ரெகுலேட்டர்' என்று தனி போர்டு கிடைக்கும்.

நம் ரோபோவுக்கு 2 ஓம், அலுமினியம் கவசம் போட்ட 50 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். 26 வோல்ட்டில் அது 13 ஆம்பியர் இழுக்கும், 338 வாட். கடுமையாகப் பிரேக் போட்டாலும், அதாவது அரை நொடியில் நின்றாலும், தொடக்கத்தில் வருவது 225 வாட் அளவுதான். அதுவும் அரை நொடிக்கு மட்டும் என்பதால் 50 வாட் ரெசிஸ்டர் தாங்கும். நீண்ட ரேம்ப்பில் இறங்க வேண்டும், அல்லது எடையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் பெரிய ரெசிஸ்டர் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல், உலோகத் தகட்டில் பொருத்துங்கள்.

பவர் சப்ளைக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு டையோடு போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது பவர் சப்ளையைக் காப்பாற்றும். ஆனால், திரும்பி வரும் மின்சாரம் டிரைவருக்குள்ளேயே அடைபட்டு வோல்ட் இன்னும் வேகமாக ஏறும். டையோடு போட்டால் ரெசிஸ்டரும் கட்டாயம்.

எஸ்.எம்.பி.எஸ். லேபிளை எப்படிப் படிப்பது?

டேபிளில் வைத்துச் சோதிப்பதற்கும், ஓர் இடத்தில் நிலையாக நிற்கும் ரோபோ கைக்கும் எஸ்.எம்.பி.எஸ். நல்ல தேர்வு. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் தைவான் நிறுவனமான மீன் வெல்லின் எல்.ஆர்.எஸ்-350-24 மாடலை உதாரணமாக எடுப்போம். 24 வோல்ட், 14.6 ஆம்பியர், 350 வாட். நம் ரோபோவின் 240 வாட் உச்சத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதன் டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டியவை:

ஓவர்லோடு: குறிப்பிட்ட அளவில் 110 முதல் 140 சதவீதம் வரை போனால், அணைந்து அணைந்து எரியும் 'ஹிக்கப்' முறைக்குப் போகும். மோட்டார் ஒரு நொடி அதிகம் இழுத்தாலும் ரோபோ திக்கித் திக்கி ஓடும். உச்சத் தேவைக்கு மேல் இடைவெளி விட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஓவர்வோல்டேஜ்: 28.8 முதல் 33.6 வோல்ட்டுக்குள் ஏதோ ஓர் இடத்தில் அணைந்துவிடும். எனவே பிரேக் ரெசிஸ்டர் 26 வோல்ட்டிலேயே வேலையைத் தொடங்கும்படி டிரைவரில் செட் செய்ய வேண்டும். 30 என்று வைத்தால், ரெசிஸ்டர் விழிப்பதற்குள் பவர் சப்ளை தூங்கிவிடும்.

இன்புட் சுவிட்ச்: பக்கவாட்டில் 115/230 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். நம் ஊர் கரண்ட் 230 வோல்ட். 115-இல் இருக்கும்போது பிளக்கைச் சொருகினால், முதல் நாளே முடிந்தது கதை. வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வெப்பம்: இந்த வகை பவர் சப்ளைகள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரைதான் முழு வாட் தரும், அதற்கு மேல் குறைத்துத்தான் எடுக்க முடியும். ஹைதராபாத் மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மூடிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள்.

இன்னொன்று. ஆம்பியர் போதவில்லை என்று சாதாரண எஸ்.எம்.பி.எஸ். இரண்டை பேரலலாக இணைக்காதீர்கள். இரண்டின் வோல்ட்டும் துளி வித்தியாசப்பட்டாலும், ஒன்றே மொத்த லோடையும் சுமக்கும். அதற்கென்று வடிவமைத்த மாடல்களில் மட்டும்தான் அப்படிச் செய்யலாம்.

பேட்டரி என்றால் கவலை இல்லையா?

ஓடும் ரோபோவுக்கு பேட்டரிதான். உச்ச ஆம்பியர் தருவதிலும், ரீஜென் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதிலும் அது எஸ்.எம்.பி.எஸ்.ஸைவிடப் பொருத்தமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான 'மினி சீட்டா' நாலு கால் ரோபோ சுமார் 9 கிலோ எடைதான். 12 மோட்டார், ஒவ்வொன்றிலும் உச்சமாக 17 நியூட்டன் மீட்டர் டார்க். குட்டிக்கரணம் அடிக்கும் அந்த ரோபோ ஓடுவதும் 24 வோல்ட் பேட்டரியில்தான்.

ஆனால் '24 வோல்ட்' என்ற பெயரை அப்படியே நம்பாதீர்கள். ஏழு லித்தியம் அயான் செல் வரிசையாக இருந்தால், முழு சார்ஜில் 29.4 வோல்ட். எட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் என்றால் 29.2. '48 வோல்ட்' என்று விற்கப்படும் 13 செல் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட். அதை 56 வோல்ட் தாங்கும் டிரைவரில் மாட்டினால், ரீஜெனுக்கு மிச்சம் இருப்பது 1.4 வோல்ட் மட்டுமே. டிரைவரின் அதிகபட்ச வோல்ட், பேட்டரியின் முழு சார்ஜ் வோல்ட்டைவிடத் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் பி.எம்.எஸ். எனும் பாதுகாப்பு போர்டு. பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது ரேம்ப்பில் இறங்கினால், ரீஜென் மின்சாரம் செல்களை ஓவர்சார்ஜ் செய்யப் பார்க்கும். பி.எம்.எஸ். அதன் கடமையைச் செய்து இணைப்பைத் துண்டிக்கும். அந்த நொடியில் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை, டிரைவர் பலியாகும். எனவே பேட்டரி இருந்தாலும் பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள். சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்துவதும் நல்ல பழக்கம். பேட்டரி ஆயுளும் கூடும்.

நம் கணக்கில் 25.6 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பாஸ்பேட் பேட்டரி என்றால் 256 வாட் ஹவர். அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால், 60 வாட் சராசரியில் சமதரையில் மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். உச்சமான 10 ஆம்பியரும் அதற்குச் சிரமமே இல்லை.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது செகந்திராபாத்துக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2022 செப்டம்பர் 12 இரவு, இங்கே ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்தது. புகை மேல் தளங்களில் இருந்த தங்கும் விடுதிக்குள் பரவியதில் 8 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை அடுத்து, வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. அவை 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன.

உங்கள் ரோபோ சாலையில் ஓடும் வாகனம் இல்லை. அந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது. அதாவது, அதே ரகச் செல்களை வைத்திருந்தும், சோதிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. எனவே செய்ய வேண்டியவை: கையடக்க லித்தியம் பேட்டரிகளுக்கான ஐ.எஸ். 16046 தர எண்ணும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கென்ற சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவு முழுக்க ஆளில்லாமல் சார்ஜ் போடாதீர்கள். முக்கியமாக, வெளியே ஓடும் வழியில், படிக்கட்டின் கீழே, வாசல் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். பிஜி ரூமில் கட்டிலுக்கு அடியில் என்பது வேண்டவே வேண்டாம். உப்பிய பேட்டரியை இன்னொரு தடவை பார்ப்போம் என்று மாட்டாதீர்கள்.

வயர், கனெக்டர், ஃபியூஸ், எமர்ஜென்சி ஸ்டாப்

நல்ல பவர் சப்ளை வாங்கிவிட்டு மெல்லிய வயரில் கோட்டை விடுபவர்கள் உண்டு. ஒரு ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் மீட்டருக்கு சுமார் 0.018 ஓம். பவர் சப்ளையில் இருந்து 2 மீட்டர் தூரம் என்றால், போக வர 4 மீட்டர். நாலைந்து மோட்டார் கொண்ட ரோபோ 30 ஆம்பியர் இழுக்கும்போது 2.1 வோல்ட் வயரிலேயே போய்விடும். 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.85 வோல்ட்டுக்குக் குறையும். வயரை முடிந்தவரை நீளம் குறைத்து, பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒட்டியே கொண்டுபோங்கள்.

கனெக்டர்: எக்ஸ்.டி.60 என்ற மஞ்சள் கனெக்டரின் பெயரில் 60 இருக்கிறது. அது நொடிநேர உச்சம். தொடர்ந்து ஓட 30 ஆம்பியர் என்றுதான் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார்.

ஃபியூஸ்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், முதல் உறுப்பாக இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, வயரை. எனவே அதன் அளவு வயரின் திறனைத் தாண்டக் கூடாது. வீட்டில் போடும் ஏ.சி. எம்.சி.பி.யை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டி.சி.யில் தீப்பொறி தானாக அணையாது, டி.சி.க்கென்று மதிப்பிட்ட ஃபியூஸ், சுவிட்ச், காண்டாக்டர்தான் வேண்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப்: சிவப்பு பட்டன் எந்த இடத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது என்று பாருங்கள். ரோபோ வேகமாக ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால், ரீஜென் மின்சாரம் மறுபடியும் டிரைவருக்குள் மாட்டிக்கொள்ளும். பிரேக் ரெசிஸ்டர், காண்டாக்டருக்கு இந்தப் பக்கம், அதாவது டிரைவர் பக்கம் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் ரோபோ நிற்க வேண்டும்; டிரைவர் சாகக் கூடாது.

எர்த்: எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எர்த் டெர்மினலை மூன்று பின் பிளக்கோடு கட்டாயம் இணையுங்கள். டி.சி. பக்கம் 60 வோல்ட்டுக்குள் இருப்பது கைபடுவதற்குப் பொதுவாகப் பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. 230 வோல்ட் பக்கம் அப்படி இல்லை. திறந்த டெர்மினலுக்கு மூடி போடுங்கள்.

எங்கே, என்ன கேட்டு வாங்குவது?

ராணிகஞ்ச்சில் கேபிள், லக், காண்டாக்டர், டி.சி. ஃபியூஸ், இண்டஸ்ட்ரியல் பவர் சப்ளை எல்லாம் கேட்டுப் பார்க்கலாம். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், கனெக்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஹைதராபாத் கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லி. கம்ப்யூட்டர் சாமான்களுக்கு செனாய் டிரேட் சென்டர். கையில் வாங்கும்போது பவர் சப்ளையின் எடையைத் தூக்கிப் பாருங்கள். ஒரே வாட் எழுதிய இரண்டில் ஒன்று மட்டும் பாதி எடையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். மாடல் எண்ணைக் கடையிலேயே போனில் தேடி, டேட்டாஷீட்டும் லேபிளும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் 7 கேள்விகள்

1. என் அதிகபட்ச வேகத்தில் மோட்டாரின் பேக் இ.எம்.எஃப். எவ்வளவு? பவர் சப்ளை வோல்ட் அதைத் தாராளமாகத் தாண்டுகிறதா?

2. டார்க்கும் வேகமும் சேரும் மோசமான நொடியில் மொத்தம் எத்தனை வாட்? அதற்கு மேல் 30 முதல் 50 சதவீதம் இடைவெளி இருக்கிறதா?

3. சராசரி வாட் எவ்வளவு? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

4. பிரேக்கிலும் இறக்கத்திலும் எத்தனை ஜூல் திரும்பி வரும்? அது போக இடம் எங்கே?

5. முழு சார்ஜ் வோல்ட், பிரேக் ரெசிஸ்டர் தொடங்கும் வோல்ட், பவர் சப்ளை அணையும் வோல்ட், டிரைவர் தாங்கும் வோல்ட் ஆகிய நான்கும் சரியான ஏறுவரிசையில் இருக்கின்றனவா?

6. வயர், கனெக்டர், ஃபியூஸ் மூன்றும் உச்ச ஆம்பியரைத் தாங்குமா?

7. சிவப்பு பட்டனை அழுத்தினால் மின்சாரம் எந்த வழியாகப் போகும்?

ஐந்தாவது கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதி வோர்க் பெஞ்சில் ஒட்டிவையுங்கள். முதல் சோதனையின்போது சக்கரம் தரையில் படாமல் ரோபோவைத் தூக்கிவைத்து, டிரைவரில் ஆம்பியர் எல்லையைக் குறைவாக செட் செய்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு தரையில் இறக்கி, பிரேக் போடும்போது வோல்ட் எவ்வளவு ஏறுகிறது என்று டிரைவரின் சாஃப்ட்வேரிலேயே பாருங்கள். அந்த எண் எல்லைக்குள் இருந்தால், அடுத்தது ரேம்ப்.